இரண்டு மரை

அத்தியாயம் 5

"உவ்வே!" என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார் அண்ணி.

காவல் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பிடித்து வந்த வண்டிகளெல்லாம் உரிமையாளர் வராமல் அங்கே துருவேறிக் கிடந்தன. அவற்றின் நடுவே சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய மெரூன் நிற சைக்கிளின் கழுத்துக் குழாய்க்குள்தான் அவர் மூக்கை வைத்திருந்தார்.

"என்ன அண்ணி, உள்ள எலி ஏதாவது குடும்பம் நடத்துதா?"

"எலியா இருந்தா காலி பண்ணிட்டுப் போயிருக்கும். வந்து நீயே மோந்து பாரு."

"பாக்கறது என் வேலை, மோக்கறது உங்க வேலை. அப்படித்தானே பேசிக்கிட்டோம்?" என்று இரண்டடி தள்ளியே நின்றான் ஸ்டெப்னி.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணி இருபத்தெட்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். குறைந்த படியையும் தேய்ந்த எடைக்கல்லையும் பார்த்துப் பார்த்து, அளவு தப்பினால் அவருக்குப் பல் கூசும். ஓய்வுக்குப் பிறகு துப்பறிகிறார். ஸ்டெப்னி அவருடைய கொழுந்தன். நாற்பத்திரண்டு வயது. ஓட்டுநர் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவன். யார் எங்கே கிளம்பினாலும் பின்னால் தொற்றிக்கொண்டு போவதால் குடும்பத்தில் வைத்த பெயர் அது.

அந்த சைக்கிள் ஒரு லேப் பெண்ணுடையது. வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு ரத்தம் எடுத்து வருகிறவள். செவ்வாய்க்கிழமை காலை மேட்டுச் சாலையில் இறங்கும்போது முன்சக்கரம் ஒரு குழியில் எகிறியது. ஹேண்டிலைத் தாங்கும் கழுத்து அப்படியே விட்டுப்போனது. சுவரில் மோதினாள். உங்கள் மனசு அடித்துக்கொள்ள வேண்டாம், உயிரோடுதான் இருக்கிறாள். ஆனால் இடுப்பெலும்பில் விரிசல். ஊசி பிடிக்கிற வலது மணிக்கட்டு மூன்று துண்டு.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அந்தக் கழுத்துக்குப் புது கப் செட் மாட்டியிருந்தாள். மாட்டிக் கொடுத்தவர் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஸ்பேனர் அக்கா. இன்று மாலை ஐந்து மணிக்கு அவரைக் கைது செய்து கடைக்கு சீல் வைக்க வேண்டும் என்று உத்தரவு.

"மேடம், இதுல துப்பறிய என்ன இருக்கு?" இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி சொன்னார். "புதுசு போடறேன்னு சொல்லிட்டு, கடையில கிடந்த பழைய குப்பையை மாட்டியிருக்கா அந்தம்மா. அளவும் தப்பு. நட்டு ரெண்டே ரெண்டு மரையிலதான் நின்னிருக்கு. பொண்ணோட அக்கா வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த புகார் இது. மனுஷன் ஸ்டேஷன்ல உக்காந்து அழுதார்."

அண்ணி குனிந்து கிண்ணங்களைப் பார்த்தார். கப் செட் என்பது பெரிய சூத்திரம் இல்லை. கழுத்துக் குழாயின் மேலே ஒரு இரும்புக் கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், இரண்டிலும் உருளும் குண்டுகள். சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தண்டு இவற்றின் வழியே மேலே வரும். அதன் தலையில் வெட்டியிருக்கும் திருகுச் சுற்றுகள்தான் மரை; அதில் இரண்டு நட்டு திருகினால் எல்லாம் ஒன்றாக நிற்கும். இந்தக் கிண்ணங்களில் குண்டு ஓடிய பள்ளங்கள் இருந்தன. புதுசு இல்லை என்பது உண்மைதான். பள்ளங்களில் கிரீஸுக்குப் பதிலாகப் பழுப்பாக ஏதோ ஒன்று, ஆறாத புண்ணில் காய்ந்த சீழ் மாதிரி, கெட்டியாகிப் போயிருந்தது. நாற்றம் அங்கிருந்துதான் வந்தது.

ஒரு குச்சியால் அதைச் சுரண்டித் தாளில் மடித்துக்கொண்டார்.

"அதை வீட்டுக்கு எடுத்துட்டு வராதீங்க அண்ணி. அண்ணன் சாப்பாட்டை விட்டுருவார்."

"நல்லதுதான். சர்க்கரை குறையும். நட."

*

ஸ்பேனர் அக்காவின் கடை பத்தடிக்கு எட்டடி. ஆணி அடித்த பலகையில் கருவிகள் அளவு வாரியாகத் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைச் சுண்ணாம்பில் வரைந்து வைத்திருந்தார். எது இடத்தில் இல்லையோ அதன் வெள்ளை நிழல் மட்டும் தெரியும். ஐம்பது வயசு அம்மாள், முழங்கை வரை கறுப்பு, நெற்றி மட்டும் சுத்தம். அழுது முடித்திருந்தார். இப்போது கோபம்.

"ஜெயிலுக்குப் போன்னு சொல்லுங்க, போறேன் மேடம். ஆனா இருபத்தாறு மரைக்கு இருபத்திநாலு நட்டு போட்டேன்னு எழுதியிருக்காங்களே, அதுதான் என்னால தாங்க முடியல. நான் என்ன மெஷினும் தெரியாத, மரையும் தெரியாத ஆளா?"

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. என்னை ஒரு மண்டுன்னு வச்சுக்கோங்க."

"அதுக்கு நான் இருக்கேன், நீங்க எதுக்கு அண்ணி கஷ்டப்படறீங்க?" என்றான் ஸ்டெப்னி.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு பழைய ஃபோர்க்கை மேஜையில் வைத்தார். "பழைய சைக்கிளுக்கு கப் செட் வாங்கறது ரெடிமேட் சட்டை வாங்கற மாதிரி இல்ல. நாலு அளவு பாக்கணும். கழுத்துக் குழாயோட உள்வாய் எவ்வளவு, அது ஒண்ணு. ஃபோர்க்கோட அடியில வளையம் உக்கார்ற இடம், அது ரெண்டு. இதுல அரை மில்லிமீட்டர் தப்பினாலும் ஒண்ணு ஏறாது, இல்ல தானா விழும். மொத்த உயரம் மூணாவது. உயரம் ஜாஸ்தியானா மேல நட்டு பிடிக்கத் தண்டு மிச்சம் இருக்காது. நாலாவது இந்த மரை."

சீப்பு மாதிரிப் பற்கள் கொண்ட ஒரு சின்னத் தகட்டை எடுத்துத் தண்டின் மரையில் வைத்தார். பற்கள் பள்ளங்களில் அச்சாகப் பொருந்தின.

"அந்தப் பொண்ணு சைக்கிள் ரொம்பப் பழசு. அங்குலத்துக்கு இருபத்தாறு மரை. அப்புறம் வந்ததெல்லாம் இருபத்திநாலு. தண்டோட பருமன் ரெண்டும் ஒண்ணுதான், கண்ணால பாத்தாத் தெரியாது. இருபத்திநாலு நட்டை இருபத்தாறு தண்டுல வச்சா ஒழுங்காத்தான் ஏறும். ரெண்டு சுத்து. அதோட நின்னுடும். கையால நின்னதை ஸ்பேனர் வச்சு இறுக்கினா மரையை மென்னுட்டு இறுகின மாதிரி நடிக்கும். தொழில் தெரிஞ்சவன் அங்கேயே கையை எடுத்துருவான்."

"நீங்க போட்டது?"

"என்கிட்ட கடைசியா இருந்த இருபத்தாறு மரை செட். பதினோரு வருஷமா எண்ணெய்த் துணியில சுத்தி வச்சிருந்தேன். அந்தப் பொண்ணு என் மாமியாருக்கு மாசா மாசம் ரத்தம் எடுக்க வருது. ஊசி குத்தினதே தெரியாது. அதனால எடுத்துக் கொடுத்தேன். வெள்ளை கிரீஸ் வச்சேன். இறுக்கின பிறகு ரெண்டு நட்டும் சேர நகப்பூச்சுல ஒரு சிவப்புக் கோடு போட்டேன். யாராவது திருகினா கோடு பிரிஞ்சுடும். நான் எப்பவும் செய்யறதுதான்."

அண்ணி தாளைப் பிரித்து நீட்டினார். "வெள்ளை கிரீஸ். அப்ப இது என்ன?"

அக்கா முகர்ந்தார். முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியது. "சீ! இது பொரிச்ச எண்ணெய். பொரிச்சுப் பொரிச்சுக் கறுத்துப் போனது. எந்த மெக்கானிக்கும் இதை வைக்க மாட்டான் மேடம், ரெண்டே மாசத்துல பிசினாயிடும்."

"அந்தப் பொண்ணோட பழைய கிண்ணமெல்லாம்?"

"கழட்டின பழசை அப்பவே துணிப்பையில போட்டு அதோட கையிலயே கொடுத்துட்டேன். யாருக்குமே நான் வச்சுக்கறதில்ல. அப்புறம் மாத்தவேயில்லன்னு ஒரு பேச்சு வரும்."

"ஆக, இந்த நாத்தம் பிடிச்ச செட் உங்களோடதும் இல்ல, அவளோடதும் இல்ல. வேற ஏதோ ஒரு சைக்கிள்ல பல மாசம் ஓடினது." அண்ணி எழுந்தார். "இருபத்திநாலு மரை, இதே உயரம். அந்த மாதிரி சைக்கிள் வச்சிருக்கறவன் பாகம் தேடினா எங்க போவான்?"

"புதுக் கடையில கிடைக்காது. இப்ப வர்றதெல்லாம் உயரம். ரயில்வே கேட் பக்கத்துல பழைய சாமான்காரர் ஒருத்தர்கிட்டதான் இருக்கும்."

"ஸ்டெப்னி, நீ அங்க போ. இந்த வாரம் யாராவது வந்தாங்களான்னு கேளு. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"பழைய சாமான்களுக்கு நடுவுல என்னைத் தனியா அனுப்பறீங்க. எனக்கும் ஒரு விலை சொல்லிடப் போறாங்க."

"சொன்னா பேரம் பேசாமக் கொடுத்துட்டு வா."

*

மருத்துவமனையில் மூன்று பேர் படுக்கும் அறை. லேப் பெண் ஜன்னலோரம் படுத்திருந்தாள். வலது கைக்கு முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்டு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவள் அக்காவின் கணவர், ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையில், தட்டில் அவள் கடித்து வைத்த ரொட்டித் துண்டைச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டிருந்தார். ரொட்டியின் ஓரத்தில் மருந்துக் கறை. அதை நகத்தால் கிள்ளிப்போட்டுவிட்டு மீதியை மடித்தார்.

"வீணாப் போக வேண்டாமே" என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க வாங்க, நீங்கதான் துப்பறியறவங்களா? அந்தப் பொம்பளையை விடக் கூடாதுங்க. எங்க குழந்தை மாதிரிங்க இவ." பேசிக்கொண்டே பக்கத்துப் படுக்கையில் வீட்டுக்குப் போய்விட்ட நோயாளி விட்டுச்சென்ற அரைச் சோப்பை எடுத்துப் பையில் போட்டார். ஆபீஸில் அவரை எல்லோரும் 'மிச்சம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. அவருக்கும் தெரியுமாம். பெருமைதானாம்.

வெந்நீர் பிடித்து வர அவர் வெளியே போனதும் அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வலிக்குதாம்மா?"

"வலிக்கறதைப் பத்தி இல்லங்க. டாக்டர் விரல் அசையும்னுதான் சொல்றார். ஊசி பிடிக்குமான்னு கேட்டா அப்புறம் பாக்கலாம்னு சொல்றார்." அவள் கூரையைப் பார்த்தபடி பேசினாள். "ஆனா ஸ்பேனர் அக்கா மேல எனக்குச் சந்தேகமே இல்ல. சனிக்கிழமை ஓட்டினேன், ஹேண்டில் அவ்வளவு வழுவழுன்னு இருந்துச்சு. விரல் பட்டாலே திரும்பும். திங்கக்கிழமைதான் கரகரன்னு ஆயிடுச்சு."

"நடுவுல ஞாயித்துக்கிழமை சைக்கிள் எங்க இருந்துது?"

"வீட்டுலதான். நான் பஸ்ல போயிட்டேன், ஃபிரெண்டு வீட்டு விசேஷம். நான் அக்கா வீட்டுலதான் இருக்கேன். திங்கக்கிழமை அத்தான்கிட்ட கேட்டேன், புதுசு அப்படித்தான் இருக்கும், ஓட ஓட சரியாயிடும்னார்."

"அத்தானுக்கு சைக்கிள் வேலை தெரியுமா?"

"எல்லாம் அவரே பாத்துக்குவார், காசு கொடுத்துச் செய்யறதே பிடிக்காது. அவர் சைக்கிளும் இதேதான். அப்பா அக்காவுக்கும் எனக்கும் ஒரே நாள் ஒரே மாதிரி ரெண்டு வாங்கினார். அக்கா ஓட்டறதை விட்டதும் அத்தான் எடுத்துக்கிட்டார். ரெண்டும் ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும், பெல்லைப் பாத்துத்தான் எது யாரோடதுன்னே சொல்லுவோம்."

அண்ணிக்குப் பல் கூச ஆரம்பித்தது. "ஒரே நாள்ல வாங்கினதுன்னா அதுவும் இருபத்தாறு மரையாத்தானே இருக்கணும்?"

"எதுங்க?"

"ஃபோர்க்கு. எப்பவாவது மாத்தினீங்களா?"

பெண் யோசித்தாள். "அக்காவோடதை மாத்தினோம். காலேஜ் படிக்கறப்ப அவ ஒரு வேன் பின்னாடி போய் இடிச்சா. முன்பக்கம் ஃபோர்க் வளைஞ்சு போச்சு. அப்பா அப்பப் புதுசா வந்த ஃபோர்க் ஒண்ணு போட்டு, அதே கலர் பெயிண்ட் அடிச்சுட்டார். பாத்தாத் தெரியவே தெரியாது."

"இது உங்க அத்தானுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முந்தின கதை."

கதவு திறந்தது. மிச்சம் வெந்நீர்க் குடுவையோடு வந்தார். "சுடச்சுடப் பிடிச்சுட்டேன்மா. நர்ஸம்மா காபிக்கு வச்சிருந்தாங்க, கவனிக்கல."

*

மூன்றரை மணிக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஸ்டெப்னி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். சட்டைப் பையில் ஏதோ கனமாகத் தொங்கியது.

"விலை போகலையா?" என்றார் அண்ணி.

"ஏறக்குறைய. அந்தாளு என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, எடைக்குத்தான் எடுப்பேன்னுட்டார்." பையிலிருந்து இரண்டு நட்டுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். பளபளவென்று புதியவை. இரண்டின் விளிம்பிலும் ஒரு கீற்றுச் சிவப்பு. அண்ணி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருப்பினார். இரண்டு கீற்றும் ஒரே கோடாகச் சேர்ந்தன.

"ஸ்பேனர் அக்காவோட நகப்பூச்சு."

"திங்கக்கிழமை மத்தியானம் ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிட்டு வந்து இதைக் கொடுத்துட்டு, பதிலுக்கு அதுக்குச் சேர்ற இருபத்திநாலு மரையில ரெண்டு நட்டு வாங்கிட்டுப் போயிருக்கார். சாமான்காரர் இந்த அளவு கிடைக்கறதே இல்லைன்னு துடைச்சு அலமாரியில வச்சிருந்தார். ஒல்லி, இஸ்திரிச் சட்டை. போறப்ப கடையில கிடந்த சணல் கயித்தைக் கேட்டு வாங்கிச் சுருட்டிட்டுப் போனாராம்."

"சரியா ஒத்துப்போகுது."

"இன்னொண்ணும் சொன்னார்." ஸ்டெப்னி குனிந்து அவர் காதருகே இரண்டு வாக்கியம் பேசினான்.

அண்ணி இரண்டு நட்டுகளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகு இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். "ஸ்பேனர் அக்காவைக் கூட்டிட்டு, புகார் கொடுத்தவர் வீட்டுக்கு வாங்க, அவரும் இப்பதான் கிளம்பிப் போனார். விலங்கு மாட்டாமக் கூட்டிட்டு வாங்க."

*

மிச்சத்தின் வீடு இரண்டாவது தெருவில் கீழ்த்தளம். வாசலில் இருந்தே எல்லாம் கட்டி வைத்திருந்தது. பால் கவர்கள் கழுவி அடுக்கி, உடைந்த குடைக்கம்பிகள் கற்றையாக, காலி மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு. கை கழுவும் தொட்டியருகே ஒரு சோப்பு உருண்டை இருந்தது. பல ஊர் ஓட்டல், பல ஆபீஸ் கழிவறை, பல ஆஸ்பத்திரிச் சோப்புத் துண்டுகளை ஒன்றாகப் பிசைந்து உருட்டியது. பச்சை, ரோஸ், மஞ்சள். நடுவில் யாருடையதோ ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது.

ஸ்டெப்னி அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். "அழுக்காவே இருக்கட்டும்" என்றான்.

லேப் பெண்ணின் அக்கா கதவோரம் நின்றாள். தங்கைக்காக அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மிச்சம் அவசரமாக நாற்காலிகளைத் துடைத்தார்.

"பிடிச்சுட்டீங்களா சார்? இந்தப் பொம்பளைதானே?" என்று ஸ்பேனர் அக்காவைக் காட்டினார்.

அண்ணி அவரைக் கடந்து சமையலறைக்குள் போனார். அடுப்புக்குப் பக்கத்தில், வாய் குறுகிய ஒரு கண்ணாடி பாட்டிலில், தார் மாதிரிக் கறுத்த எண்ணெய். மூடியைத் திறந்தார். கொட்டகையில் வந்த அதே நாற்றம் எழுந்து வந்து முகத்தில் அறைந்தது.

"அது வீணாக் கூடாதுன்னு கதவு கீலுக்கு, சைக்கிளுக்கெல்லாம் விடுவேன்" என்றார் மிச்சம் பின்னாலிருந்து. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

பின்பக்கம் துணிக்கொடிக்குக் கீழே அவருடைய சைக்கிள் நின்றது. ஸ்பேனர் அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து கழுத்தைத் துடைத்தார். வெள்ளை கிரீஸ். புதுக் கிண்ணம். பதினோரு வருடம் துணியில் சுற்றிவைத்த பொருளை விரலால் ஒரு சுற்று தடவினார். "என்னோடது சார். மேல நட்டு மட்டும் வேற."

அவ்வளவுதான், மிச்சம் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கண்ணீர் உண்மையான கண்ணீர்.

"ஆசைப்பட்டுட்டேன் சார்! அவ சைக்கிள்ல ஹேண்டில் அவ்வளவு நைஸாத் திரும்புது, என்னோடது முரண்டு பிடிக்குது. ரெண்டும் ஒரே சைக்கிள்தானேன்னு ஞாயித்துக்கிழமை மாத்திப் போட்டேன். அவ சின்னப் பொண்ணு, கையில பலம் இருக்கு, எதையும் ஓட்டிப்பா. எனக்குத் தோள்பட்டை வலி. அளவு மாறும்னு கனவுலயும் நினைக்கல. கொலை பண்றவனா நான்? சொல்லுங்க, என்னைப் பாத்தா அப்படியா இருக்கு?"

இன்ஸ்பெக்டருக்கு மனம் இளகியது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மேடம், இது ஒரு மாதிரி அசட்டுத்தனம்தான். அந்தம்மா மேல தப்பில்ல, கேஸை எடுத்துடறேன். இது குடும்பத்துக்குள்ள நடந்தது. தெரியாம நடந்த விபத்து."

பெரியவளும் கணவனின் தோளைத் தொடக் கை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் அண்ணி. "ஞாயித்துக்கிழமை அவ சைக்கிள்ல உங்க பழைய நட்டைப் போட்டீங்களே. கையால எத்தனை சுத்து போச்சு?"

"ரெண்டு."

"அப்புறம்?"

"ஸ்பேனர் வச்சு இறுக்கினேன். இறுகிடுச்சு."

"உங்க சைக்கிள்ல அவளோட புது நட்டைப் போட்டப்ப எத்தனை சுத்து?"

"அதுவும் ரெண்டுதாங்க."

"அதையும் ஏன் ஸ்பேனர் வச்சு இறுக்கி அப்படியே விட்டுடல?"

மிச்சத்தின் அழுகை பாதியில் நின்றது. குழாயை மூடினாற்போல நின்றது.

"இறுக்கித்தான் பாத்தேன். ஒரு மாதிரி ஆட்டம் இருந்துச்சு. நான் தினமும் பாலத்துல இறங்கணும். பின்னாடி பஸ்ஸெல்லாம் வரும். எதுக்கு வம்புன்னுதான்..."

"அவ தினமும் மேட்டுச் சாலையில இறங்கறா."

 அண்ணி இரண்டு நட்டுகளையும் அவருடைய சைக்கிள் சீட்டின் மேல் வைத்தார். "ஸ்டெப்னி, சாமான்காரர் சொன்னதைச் சொல்லு."

ஸ்டெப்னி தரையைப் பார்த்தபடி சொன்னான். "இந்த நட்டை வாங்கிப் பாத்துட்டு அவர் கேட்டிருக்கார், 'இது இருபத்தாறு ஆச்சே, எந்த வண்டியில இருந்து கழட்டினீங்க, அதுல இருபத்திநாலு எதையாவது திணிச்சு வச்சா ஒரே குதியில கழண்டு ஆள் போயிடுவான், இதையே கொண்டுபோய் மாட்டிடுங்க'ன்னு. இவர் யோசிச்சாராம். யோசிச்சுட்டு, 'அதை அவங்க பாத்துப்பாங்க, எனக்கு மாத்திக் கொடுங்க'ன்னாராம்."

 துணிக்கொடியில் தொங்கிய ஈரச் சட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"திங்கக்கிழமை மத்தியானம் இவருக்குத் தெரியும் சார்" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. வாயில் ஏதோ கசப்பை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. "அந்தப் பொண்ணு உயிரைப் பிடிச்சு வச்சிருக்கிற நட்டு இவர் கையில இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா அஞ்சு நிமிஷ வேலை. ஆனா மறுபடி கழட்டினா மாத்தினது அவளுக்குத் தெரிஞ்சுடும், கிண்ணத்தையும் திருப்பிக் கொடுக்கணுமே. அதனால அவ நட்டைக் கொடுத்து இவருக்கு நட்டு வாங்கிக்கிட்டார். தனக்குப் பத்து மரை, அவளுக்கு ரெண்டு. நான் ஒரு கொலைகாரனைத் தேடித்தான் வந்தேன். கொலைகாரனுக்குக் கூட ஒருத்தர் மேல கோபமோ பகையோ இருக்கும். இவருக்கு அவ மேல ஒண்ணுமே இல்ல. ஒரு கிண்ணம் மிச்சம்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க!" மிச்சம் துள்ளி எழுந்தார். "செவ்வாய்க்கிழமை காலையில வாசல்ல நின்னு நான் சொன்னேனே! 'மெதுவாப் போம்மா, பாத்துப் போம்மா'ன்னு சொன்னேனே! இவளையே கேளுங்க!"

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள்.

"சொன்னார்" என்றாள் அவள். நீட்டிய கை இன்னும் பாதி வழியில் நின்றது. "நானும் பக்கத்துல நின்னேன். என் தங்கச்சி மேல எவ்வளவு பாசம்னு நினைச்சுக்கிட்டேன்."

கையை மடக்கிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். காவலரைக் கூப்பிட்டு மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "அந்தக் கிண்ணத்தைச் சாட்சிப் பொருளா எடுக்கணும். அக்கா, நீங்களே கழட்டிக் கொடுத்துடறீங்களா?"

ஸ்பேனர் அக்கா சக்கரத்தைக் கழற்றினார். நட்டுகளைத் திருகி எடுத்து ஃபோர்க்கை உருவினார். சட்டத்தைத் தலைகீழாகச் சாய்த்து, ஒரு தடித்த கம்பியைக் கழுத்துக் குழாய்க்குள் விட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டினால்தான் கிண்ணம் வெளியே வரும். பையிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

வாசல்வரை போய்விட்ட மிச்சம் அங்கேயே திமிறிக்கொண்டு திரும்பினார். கண்ணில் இப்போதுதான் நிஜமான பதற்றம்.

"அக்கா, அக்கா, மெதுவா! கீழ ஒரு துணி வச்சுட்டுத் தட்டுங்க. பெயிண்ட்டு போயிடும்!"

ஸ்பேனர் அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. பெரியவள் வந்து அந்தக் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளின் முன் உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்கக்கா."